லோகு சார் போட்ட எல்லைக்கோடு

லோகநாதன் என்கிற லோகு சாருக்கு உலகத்தில் பல விஷயங்களில் சந்தேகம் உண்டு. இறையாண்மையில் மட்டும் கிடையாது. செங்கல்பட்டுக்கு வெளியே, ஒரு கல்யாண மண்டபத்துக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிற தனியார் சட்டக் கல்லூரியில் அவன் கௌரவ விரிவுரையாளர். கௌரவத்தைப் பெயரிலேயே கொடுத்துவிட்டதால் தனியாக வேறு எதுவும் தரத் தேவையில்லை என்பது நிர்வாகத்தின் கொள்கை. "அரசுன்னா என்ன? எல்லாரும் அதன் பேச்சைக் கேக்கணும், அது யார் பேச்சையும் கேக்கக் கூடாது. அதுதான் இறையாண்மை" என்று மேசையைத் தட்டிச் சொல்வான். சொல்லி வாயை மூடுவதற்குள் வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "சார், வண்டிய எடுங்க, பிரின்சிபால் காரு வருது" என்பார். லோகு ஓடிப்போய் வண்டியை எடுத்து வெயிலில் நிறுத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து இறையாண்மையைத் தொடர்வான்.

அவனுடைய ஊர் பனையடிக் குப்பம். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடம். அந்தக் குப்பத்தில் சட்டம் படித்த முதல் ஆள் அவன்தான். அதனால் ஊர்ப் பையன் எவனையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் லோகுவைத்தான் முதலில் அனுப்புவார்கள். அவன் ஸ்டேஷனில் நின்று குடிமகனுக்கும் அரசுக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவான். அதற்குப் பிறகு ஊர்த் தலைவர் தணிகைவேல் போய், பையனையும் லோகுவையும் சேர்த்து வெளியே கூட்டிக்கொண்டு வருவார்.

பனையடிக் குப்பத்துக்கும் தெற்கே இருக்கிற உப்பங்குப்பத்துக்கும் நடுவில் ஒரு முகத்துவாரம். உப்பங்கழித் தண்ணீர் கடலில் போய் விழுகிற வாய். அந்த வாய் ஓரிடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. கோடையில் மணல் வந்து அடைத்துவிடும். மழை பிடித்ததும் இரண்டு ஊர் ஆண்களும் மண்வெட்டியோடு போய், தண்ணீர் எங்கே முட்டுகிறதோ அங்கே வெட்டித் திறந்துவிடுவார்கள். ஒரு வருஷம் வடக்கே திறக்கும், மறுவருஷம் தெற்கே திறக்கும். அந்த வருஷத்துக்கு அதுதான் எல்லை. அதுவும் உத்தேசமாகத்தான். வாயில் ஏறுகிற இறாலை இரண்டு ஊரும் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். அங்கே கம்பு நடக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, கோடு கிழிக்கக் கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொதுவான கட்டுப்பாடு. இது லோகுவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சட்டம் படித்த பிறகுதான் தெரியாமல் போனது.

படித்த இடத்தில் சொல்லிக்கொடுத்தது வேறு. ஒரு அரசு என்றால் அதற்கு மக்கள் வேண்டும், அரசாங்கம் வேண்டும், மற்ற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே வரையறுத்த நிலப்பரப்பு வேண்டும். இந்த நான்கையும் வைத்து அவன் ஒரு கணினி விளையாட்டு செய்ய ஆரம்பித்தான். பெயர் 'கரையரசு'. ஆடுகிறவர் பனையடிக் குப்பத்தின் தலைவர். மீன் பிடித்து, வரி வாங்கி, கூட்டம் போட்டு, தூது அனுப்பி, கடைசியில் குப்பத்தைத் தனி அரசாக்க வேண்டும். நான்கு தகுதியும் சேர்ந்தால் கரையில் கொடி ஏறும். படம் வரைந்தது, சத்தம் சேர்த்தது, நிரல் எழுதியது எல்லாம் அவன் ஒருவனே. வருஷக்கணக்காக, கல்லூரி விட்டு வந்து, கொசு கடிக்கக் கடிக்கச் செய்தான். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அந்தக் குட்டிக் குட்டிப் படகுகள் அலையில் ஏறி இறங்குகிற அழகை யார் பார்த்தாலும் மனசு சொக்கிப்போகும்.

எல்லை வேண்டுமே. லோகு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அதில் முகத்துவாரம் தெரிந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தான். அந்தப் படம் எடுத்த வருஷம் வாய் ரொம்பத் தெற்கே தள்ளித் திறந்திருந்தது. உப்பங்குப்பத்தின் வலைக்கூடம் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டிய ஆள். ஏனென்றால் அந்த வலைக்கூடத்தில் தினமும் உட்கார்ந்து வலை பார்க்கிற கண்ணாயிரம், உப்பங்குப்பத்துத் தலைவர் மட்டும் அல்ல, லோகுவுக்கு மாமனார் ஆகப்போகிறவர். மகள் சுவேதாவுக்கு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் ஒப்பந்த வேலை. நாளெல்லாம் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பாள். லோகு பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது. புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அதனாலேயே அவனுக்கு அவளைப் பிடித்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அவனுக்குப் பாடம் நடத்தத் தோன்றாது. நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம்.

ஆவணியில் லோகு விளையாட்டின் முன்னோட்டத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டான். போனிலும் ஓடும். அந்த வாரம் பார்த்துக் கடலில் காற்று. யாரும் போகக் கூடாது என்று எச்சரிக்கை. இரண்டு குப்பமும் வீட்டில் உட்கார்ந்து கரையரசு ஆடியது. பனையடிப் பையன்கள் உற்சாகமாக உப்பங்குப்பத்து வலைக்கூடத்தில் வரி வாங்கினார்கள். வாங்கியதோடு விடாமல், 'கண்ணாயிரம் மாமா, வரி கட்டியாச்சா?' என்று படத்தோடு வாட்ஸப்பில் வைத்தார்கள்.

கண்ணாயிரம் மறுநாள் காலையிலேயே லோகு வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னா மாப்ள இது? எங்க வலைக்கூடம் உங்க ஊர்ல கீது?"

"மாமா, அது சும்மா கேம்."

"கேம்னா எங்க ஊரு ஆளுங்கோ இன்னாத்துக்கு மாடு மாதிரி குறுக்கால நடந்துகினு கீறாங்கோ? ஒருத்தனுக்கும் பேரு கெடயாது. எங்க ஊர வெச்சி ஆடவே முடியல. நாங்க இன்னா, ஆளில்லாத ஊரா?"

லோகு, ஒரு அரசு தன் இருப்பாலேயே அரசு என்று ஒரு கட்சியும், மற்றவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அரசு என்று இன்னொரு கட்சியும் உண்டு என்பதை விளக்கத் தொடங்கினான். கண்ணாயிரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அந்தக் கட்சி எல்லாம் எனுக்குத் தெரியாது. கோட்ட நவுத்து. இல்லாங்காட்டி தையில கல்யாணம் கெடயாது."

அவர் போன சூடு ஆறுவதற்குள் தணிகைவேல் வந்தார். ஊர்க் கட்டுப்பாட்டின்படி கோடு போட்டதே தப்பு என்று திட்டத்தான் வருகிறார் என்று லோகு நினைத்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"லோகு, சூப்பரா செஞ்சிகீற. படிச்ச புள்ளன்னா நீதான். அந்தக் கெழவன் வந்து இன்னாவோ சொன்னானாமே? ஒரு அடி மண்ணு வுடாத. கோட்ட நவுத்தினன்னு வெச்சிக்க, உனுக்கு இந்த ஊரு இல்ல. உங்க நைனா படகு கரையில ஏறாது, சொல்ட்டேன்."

அப்பா உள்ளே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டும் கேட்காத மாதிரி குடித்து முடித்தார். இறையாண்மை ஒன்றுதான் இருக்க முடியும், அதைப் பங்குபோட முடியாது என்று பரீட்சைக்குப் பரீட்சை கேள்வி கேட்கிற லோகுவுக்குத் தலைக்கு மேலே இரண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குப் பயந்தால் அப்பாவின் பிழைப்பு தப்பும், சுவேதா போவாள். இன்னொன்றுக்குப் பயந்தால் சுவேதா கிடைப்பாள், ஊர் போய்விடும். கோடே இல்லாமல் விட்டுவிடலாமா என்று அதை எடுத்துப் பார்த்தான். வரையறுத்த நிலப்பரப்பு இல்லாததால் கொடி ஏறவே இல்லை. எவ்வளவு ஆடினாலும் தலைவர் கரையில் சும்மா நின்றுகொண்டிருந்தார். அத்தனை வருஷ உழைப்பையும் குப்பையில் போட லோகுவுக்கு மனசு வரவில்லை.

ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் திரிந்தவனுக்கு, வக்கீல் புத்தி ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தது. இரண்டு பதிப்பு. பனையடிக்கு ஒன்று, அதில் கோடு பழைய இடத்திலேயே. உப்பங்குப்பத்துக்கு ஒன்று, அதில் கோடு வடக்கே தள்ளி, வலைக்கூடம் பத்திரமாக அவர்கள் பக்கம். போதாததற்கு அவர்கள் ஊரை வைத்தும் ஆடலாம், ஆட்களுக்கெல்லாம் பெயர். பெரிய பெரிய தேசங்களின் எல்லையையே இணைய வரைபடத்தில் அந்தந்த நாட்டுக்குப் பிடித்த மாதிரிதானே காட்டுகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அது மட்டும் உண்மைதான்.

தெற்குப் பதிப்பை முதலில் சுவேதாவுக்குத்தான் அனுப்பினான். அன்று சாயங்காலமே அவள் வேலை முடிந்து நேராகச் சதுரங்கப்பட்டினம் வந்து இறங்கினாள். கடற்கரையில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடினாள். அவளுக்கு விளையாட்டெல்லாம் பழக்கமில்லை. படகை மணலில் ஏற்றினாள், தூதுவனைத் தண்ணீரில் இறக்கினாள். வலைக்கூடத்தில் 'கண்ணாயிரம்' என்ற பெயரோடு ஒரு குட்டி உருவம் வலை பார்ப்பதைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எனுக்காவ நவுத்திட்டியா? உங்க ஊருல ஒத்துக்கினாங்களா?"

"ஆமா" என்றான் லோகு. ஒற்றை வார்த்தை. அவன் வாழ்நாளில் பேசியதிலேயே சுருக்கமான பதில் அது.

"பயந்துகினே இருந்தேன். எங்க உங்க ஊரு பக்கமே நின்னுடுவியோன்னு" என்று அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு லோகு எல்லாவற்றையும் மறந்துபோனான்.

ஏமாற்று நன்றாகவே நடந்தது. பனையடிக்காரர்கள் தங்கள் பதிப்பை ஆடி, "பாத்தியா, அசையல" என்று மீசையைத் தடவினார்கள். உப்பங்குப்பத்தார் தங்கள் பதிப்பை ஆடி, "நவுந்துட்டான் பாத்தியா" என்று தொடையைத் தட்டினார்கள். ஒருத்தர் போனை மற்றவர் பார்க்கவில்லை. கோபத்தில் பேச்சுவார்த்தையே இல்லாததால் அதற்கு வழியும் இல்லை. லோகுவின் ராஜதந்திரம் இப்படியே தை மாதம் வரை ஓடியிருக்கும். இடையில் கலை வந்தது.

கலையின் பெயர் ஆதித்யா. சென்னைப் பையன், சுயாதீன சினிமாக்காரன். தயாரிப்பாளர் என்று ஒருத்தன் தலைக்கு மேலே இல்லாத படம்தான் இறையாண்மை உள்ள படம் என்பது அவனுடைய கொள்கை. தயாரிப்பாளருக்குப் பதில் அவனுக்கு அப்பா இருந்தார். மாமல்லபுரத்தில் கடல் பார்த்த அறையில் தங்கிக்கொண்டு, கட்டம் போட்ட லுங்கி கட்டி, கரையோர மக்களின் வலியைப் படம் பிடிக்க வந்திருந்தான். வலி எதுவும் சரியாக மாட்டாமல் தவித்துக்கொண்டிருந்தவனுக்கு லோகு மாட்டினான். இரண்டு பேரும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பேச ஆளில்லாமல் கிடந்த லோகு, பெருமை தாங்காமல், இரண்டு பதிப்பையும் அவனிடம் காட்டிவிட்டான்.

"சார், இது வேற லெவல். ஒரே நிலம், ரெண்டு உண்மை!" என்று ஆதித்யா நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் கூடத்தில் சுயாதீன சினிமாவுக்கும் சுயாதீன விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு சின்ன விழா. ஆதித்யாவின் படத்தையும் கரையரசையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். தங்கள் ஊர் பெரிய திரையில் வருகிறது என்று கேள்விப்பட்டு இரண்டு குப்பமும் வேன் பிடித்து வந்துவிட்டன. வராதீர்கள் என்று சொல்ல லோகுவுக்குத் தைரியம் இல்லை. இரண்டு பதிப்பும் ரகசியம் என்று ஆதித்யாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். ஆதித்யா தலையையும் ஆட்டியிருந்தான். சுயாதீனமாக. தணிகைவேல் பட்டுக்கரை வேட்டியில் முன்வரிசை இடப்பக்கம், கண்ணாயிரம் வலப்பக்கம். நடுவில் காது வளையம் போட்ட நடுவர்கள். சுவேதா பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆதித்யா கணினியைத் தட்ட, திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஒரு கரையரசு, வலது பக்கம் ஒரு கரையரசு. ஒரே கடல், ஒரே மணல், ஒரே வலைக்கூடம். கோடு மட்டும் ஆளுக்கொரு இடத்தில். முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், அப்புறம் எதிர்ப்பக்கத்துப் போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள்.

"டேய் லோகு!" என்று எழுந்தார் தணிகைவேல்.

"மாப்ள, இன்னாபா இது? எது நெசம்?" என்று எழுந்தார் கண்ணாயிரம்.

பார்வையாளர்களே நிகழ்ச்சியில் பங்கேற்கிற புது உத்தி என்று நினைத்து நடுவர்கள் கைதட்டினார்கள். நாற்காலி ஒன்று பறந்தபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஆதித்யா கேமராவோடு நடுவில் புகுந்து, "யாரும் கேமராவைப் பாக்காதீங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினான். அந்தக் கலவரத்தின் நடுவிலேயே, இறையாண்மையைக் கேள்விக்கு உட்படுத்திய துணிச்சலுக்காக என்று லோகுவின் கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தைத் திணித்தார்கள். அவன் அதை வாங்கித் தலையை மறைத்துக்கொண்டான்.

மறுநாள் முகத்துவாரத்து மணலில் இரண்டு ஊரும் சேர்ந்து கூட்டம் போட்டது. அப்படி ஒரே கூட்டமாக உட்கார்ந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. லோகு எழுந்து நின்று, இறையாண்மை என்பது வெறும் கற்பிதம், எல்லை என்பது பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது என்று, இத்தனை வருஷமும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிராகப் பேசினான். நன்றாகவே பேசினான்.

"அது இன்னாவோ இருக்கட்டும்" என்றார் தணிகைவேல். "ரெண்டு ஊரயும் நீ ஏமாத்தினியா, இல்லியா?"

"ஏமாத்தினேன்."

ஊர் காலில் விழ வேண்டும் என்று தீர்ப்பு. எந்த ஊர் காலில் முதலில் விழுவது என்பதில் தகராறு வந்தது. தணிகைவேல், அவன் எங்க ஊர்ப் பிள்ளை, எங்களுக்குத்தான் முதல் என்றார். கண்ணாயிரம், அதிகம் ஏமாந்தது நாங்கள் என்றார். வெயில் ஏறுகிற வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் லோகுவே கடலைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வலக்கை ஒரு ஊர், இடக்கை ஒரு ஊர் என்று இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டது. விளையாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். கொஞ்ச நாளில் மழை பிடித்தது. எல்லாரும் மண்வெட்டியோடு போய் வாயை வெட்டித் திறந்தார்கள். பையன்கள் துப்பாக்கி விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். கண்ணாயிரமே வந்து, "ஆனது ஆச்சி மாப்ள, கல்யாண வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவேதா மட்டும் முடியாது என்றுவிட்டாள். அப்பா கேட்டார், காரணம் சொல்லவில்லை. இரண்டு ஊர்த் தலைவர்களும் பழம், வெற்றிலையோடு சேர்ந்தே போய்க் கேட்டார்கள். எல்லாருக்கும் காபி கொடுத்து, வேணாம் என்று சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் லோகு, கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, அவள் வேலைக்குப் பஸ் ஏறுகிற நேரம் பார்த்துச் சதுரங்கப்பட்டினம் நிறுத்தத்தில் போய் நின்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். திட்டவில்லை.

"ரெண்டு ஊரும் மன்னிச்சிடுச்சி சுவேதா" என்றான்.

"தெரியும்."

"அப்புறம் இன்னா?"

"எங்கப்பாவாண்ட பொய் சொன்ன. கல்யாணம் நின்னுடும்னு பயம், சரி. உங்க ஊராண்ட பொய் சொன்ன. உங்க நைனா பொழப்பு, அதுவும் சரி. எனுக்குப் புரியுது. அன்னிக்கு நான் கேட்டனே, எனுக்காவ நவுத்திட்டியான்னு. நான் இன்னா, உங்க நைனா படக கரையில ஏத்தாம வுட்ருவனா? என்னாண்ட உனுக்கு இன்னா பயம்?"

லோகு ரோட்டைப் பார்த்தான். பஸ் இன்னும் வரவில்லை.

"ரெண்டு பக்கமும் மாட்டிக்கினேன், இன்னா பண்றதுன்னு தெரியலன்னு என்னாண்ட சொல்லிருந்தா, நானே உன்கூட ஒக்காந்து அந்த ரெண்டாவது கேம செஞ்சி குடுத்திருப்பேன். என்னயும் ஒரு ஊருன்னு வெச்சிட்ட நீ."

லோகு வாயைத் திறந்தான். ஏதாவது ஒரு கோட்பாடு வரும் என்று அவனே எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது. "தப்புதான்" என்று மட்டும் வந்தது.

"தப்புதான்" என்றாள் அவளும். பஸ் வந்தது. முன்வாசலில் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். பஸ் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். அடுத்த பஸ்காரர் அவன் ஏறப்போகிறான் என்று நினைத்து நிறுத்தி, "இன்னா சார், வரீங்களா இல்லியா?" என்று கேட்டார்.